முள் பச்சையில்தான் நிற்கிறது, ஆனால் பவுடர் வரவில்லை

ஏப்ரல் 14 தொடங்கி ஒரு வாரம் நாடு முழுக்கத் தீயணைப்பு வாரம். 1944இல் அந்த நாளில்தான் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சு பேலும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தன. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் திரும்பவில்லை. திருப்பூரில் பஞ்சையும் நூலையும் நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் கிட்டத்திலேயே நடந்தது மாதிரிதான்.

சில வருடங்களுக்கு முன் அந்த வாரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் ஒத்திகை நடந்தது. முற்றத்தில் தகரத் தட்டில் கட்டிங் வேஸ்ட்டைப் போட்டு, டீசல் ஊற்றிப் பற்ற வைத்தோம். பேக்கிங்கில் வேலை செய்யும் அக்கா ஒருவர் 6 கிலோ பவுடர் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்தார். சொல்லிக் கொடுத்தபடி பின்னை உருவினார், ஹோஸைத் தீயின் அடிப்பாகத்துக்கு நீட்டினார், லீவரை அழுத்தினார். ‘புஸ்ஸ்’ என்று காற்று வந்தது. காலடியில் இரண்டு கைப்பிடி பவுடர் கொட்டியது. அவ்வளவுதான். அழுத்தம் காட்டும் கேஜ் முள் அதுவரை பச்சையில் இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த டேக்கில் போன மாதத் தேதியும் கையெழுத்தும் இருந்தன. கையெழுத்து என்னுடையது.

அன்றிலிருந்து ‘பார்த்தாச்சு’ என்று டிக் அடிப்பதை விட்டுவிட்டேன். எடை போடுகிறேன், ஓட்டிப் பார்க்கிறேன், கரண்டை நிறுத்திப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில் மாட்டிய கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். பனியன் கம்பெனியை வைத்து எழுதினாலும் ஸ்பின்னிங் மில், அச்சகம், குடோன் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கேஜ் முள் சிவப்புக்கு இறங்கியிருக்கிறது

முதலில் பின்னைக் கட்டியிருக்கும் சீலைப் பாருங்கள். சீல் அறுந்திருந்தால் யாரோ அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்கு அந்த லீவர் மேல் ஒரு கண் உண்டு. ‘ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன்ணா’ என்பார்கள். அந்த ஒரு தடவை போதும். வெளியே வந்த பவுடரில் நாலு துகள் வால்வு சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். வால்வு முழுசாக மூடாது, இரவோடு இரவாகக் காற்று கசிந்துவிடும். அதனால் ஒரு வினாடி அடித்திருந்தாலும் அந்த சிலிண்டர் ரீஃபில்லுக்குப் போயாக வேண்டும். மறுபடி கொக்கியில் மாட்டக் கூடாது.

சீல் அப்படியே இருக்கிறது, ஆனாலும் முள் இறங்கியிருக்கிறது என்றால் கசிவு. வால்வு கழுத்து, கேஜ் பொருந்தும் இடம், ஹோஸ் ஏறும் இடம் மூன்றிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். கண்டுபிடிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. ஸ்பேனரைப் போட்டுக் கழுத்தை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டாம். உள்ளே சுமார் 15 பார் அழுத்தம் இருக்கிறது, லாரி டயரைவிட அதிகம்.

முள் பச்சையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தால் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பாய்லர் சுவரிலோ, மதியம் முழுக்க வெயில் விழும் ஜன்னலோரத்திலோ இருக்கும். நிழலுக்கு மாற்றி மறுநாள் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் நிரப்பியவர் அதிகம் அடித்திருக்கிறார், அல்லது கேஜ் கெட்டிருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு அவரிடமே திருப்பி அனுப்புவதுதான்.

முள் பச்சையில் இருக்கிறது, ஆனால் பவுடர் வராது

எங்கள் ஒத்திகையில் நடந்தது இதுதான். முள் காட்டுவது காற்றழுத்தத்தை மட்டுமே. பவுடர் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சிலிண்டருக்குள் இருக்கும் ஏபிசி பவுடரில் முக்கியமான சரக்கு மோனோ அமோனியம் பாஸ்பேட், ஈரம் பட்டால் கட்டி தட்டும். ரீஃபில் செய்யும்போது ஈரக் காற்று உள்ளே போனாலும் சரி, வருடக்கணக்கில் மெஷின் அதிர்வில் நின்று அடியில் இறுகினாலும் சரி, விளைவு ஒன்றுதான்.

இரண்டு சோதனை. ஒன்று, சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பவுடர் தண்ணீர் மாதிரி ‘சர்ர்’ என்று சரியும், எடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வது கையில் தெரியும். கட்டியிருந்தால் சத்தமே இருக்காது, அல்லது மொத்தமாக ‘தொம்’ என்று விழும். இரண்டு, எடை. லேபிளில் மொத்த எடை போட்டிருக்கும். பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி போடும் தராசு சும்மாதானே இருக்கிறது, அதில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்து முள் மட்டும் பச்சையில் இருந்தால், பவுடரைக் குறைவாகப் போட்டுக் காற்றை மட்டும் சரியாக அடித்திருக்கிறார்கள்.

கேஜ் முள்ளே துருப்பிடித்து ஒரே இடத்தில் நின்றுவிடுவதும் உண்டு. விரலால் லேசாகத் தட்டினால் துளியாவது ஆட வேண்டும்.

கேஜே இல்லாத சிலிண்டர்

அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு. கருப்புக் கூம்பு வைத்திருக்கும், கரண்ட் பேனல் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். ‘கேஜ் உடைந்துபோச்சு’ என்று ஒரு சூப்பர்வைசர் என்னிடம் புகாரே எழுதிக் கொடுத்தார். உடையவில்லை, அதற்குக் கேஜ் கிடையாது. உள்ளே வாயு திரவமாக இருப்பதால், கொஞ்சம் தீர்ந்தாலும் அழுத்தம் பெரிதாக மாறாது. எடை ஒன்றே வழி. நிரப்பிய எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ரீஃபில். 4.5 கிலோ சிலிண்டர் என்றால் 450 கிராம். கழுத்தில் வெற்று எடையைப் பஞ்ச் அடித்திருப்பார்கள், வாயுவின் எடையை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கூம்பைத் திருப்பி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் ஜெனரேட்டர் அறையில் ஒரு கூம்புக்குள் குளவி மண்கூடு கட்டி முடித்திருந்தது. பவுடர் சிலிண்டரின் ஹோஸ் முனையிலும் இதே வேலையைச் செய்யும். அடிக்கும்போது கூம்பை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள், தோல் குளிரில் வெந்துவிடும். சின்ன அறை என்றால் அடித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும், மூச்சுமுட்டும்.

பின் உருவ வரவில்லை

பாதி நேரம் கோளாறு கையில்தான். பதற்றத்தில் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பின்னை இழுப்பார்கள், லீவர் பின்னை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அடிப் பிடியை மட்டும் பிடித்து, பின்னை ஒரு திருகு திருகி உருவினால் வந்துவிடும். ஒத்திகையில் இதை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும்.

மீதிப் பாதி நம் ஆட்கள் செய்த உதவி. சீல் அறுந்துபோனது என்று கேபிள் டையைப் போட்டு இறுக்கியிருப்பார்கள், அல்லது கட்டுக்கம்பியை முறுக்கியிருப்பார்கள். சுவருக்கு பெயின்ட் அடிக்கும்போது சிலிண்டருக்கும் சேர்த்து அடித்துப் பின்னை ஒட்டவைத்திருப்பார்கள். லேசான பிளாஸ்டிக் சீல் மட்டும்தான் இருக்க வேண்டும், விரல் பலத்தில் அறுந்தாக வேண்டும்.

ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடி நிற்கிறது

ஹைட்ரன்ட் லைன், அதாவது தீயணைக்கத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய், உள்ள கம்பெனிகளில் அதிகம் கேட்கும் புகார் இது. ஜாக்கி பம்புக்கு ஒரே வேலைதான்: லைனில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் ஏற்றி வைப்பது. நல்ல லைனில் அது நாளுக்குச் சில தடவை ஓடினாலே அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடினால் தண்ணீர் எங்கோ போகிறது.

தோண்டுவதற்கு முன்னால் வாட்ச்மேனிடம் போய் உட்காருங்கள். ஹோஸ் ரீலைப் பிரித்துச் செடிக்குத் தண்ணீர் விடுகிறாரா, முதலாளி காரைக் கழுவுகிறாரா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பல இடங்களில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, சரி. பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஆள் பக்கத்தில் நிற்க, பம்புகளை ஆஃபில் போடுங்கள். பம்புகள் எல்லாம் சேரும் பொதுக் குழாயின் (ஹெட்டர்) கேஜில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இறங்க ஆரம்பிக்கும். இப்போது ஜாக்கியிலிருந்து தண்ணீர் வெளியே போகும் டெலிவரி வால்வை மூடுங்கள். இறங்குவது நின்றுவிட்டால் கசிவு வெளியே இல்லை. ஜாக்கியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக உட்காராமல் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. கழற்றினால் பெரும்பாலும் ஒரு கல்லோ வெல்டிங் துண்டோ நடுவில் மாட்டியிருக்கும். மெயின் பம்ப், டீசல் பம்ப் டெலிவரிகளையும் இதே மாதிரி ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மூடியும் இறங்கினால் லைனில்தான் ஓட்டை. பகுதி பகுதியாக வால்வுகளை அடைத்துக்கொண்டே போனால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஹைட்ரன்ட் வால்வு ஒவ்வொன்றின் வாயிலும் விரலை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் வாஷர் போய்விட்டது. பூமிக்கடியில் போகும் பழைய இரும்புக் குழாய் என்றால் எனக்குக் கைகொடுத்தது புல். சித்திரை வெயிலில் முற்றம் முழுக்கக் காய்ந்து கிடக்க, காம்பவுண்டு ஓரம் ஓரிடத்தில் மட்டும் அருகம்புல் பச்சையாக நின்றது. இரண்டடி தோண்டினோம், துருவேறிய குழாயில் குண்டூசி ஓட்டை.

இன்னொரு வகை உண்டு: ஓடும், இரண்டு வினாடியில் நிற்கும், மறுபடி ஓடும். இது கசிவாக இருக்காது. ஒன்று, பிரஷர் ஸ்விட்ச்சில் ஓடத் தொடங்கும் அழுத்தமும் நிற்கும் அழுத்தமும் ரொம்ப நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கும். அல்லது லைனில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டியான பிரஷர் வெசலில் மேலே இருக்க வேண்டிய காற்று போய் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும். வெசலின் வால்வை மூடி, தண்ணீரை முழுசாக வடித்து, காற்று புகுந்த பிறகு மறுபடி திறந்தால் சரியாகும்.

அழுத்தம் இறங்கியும் மெயின் பம்ப் ஓடவில்லை

பேனலில் செலக்டர் ஸ்விட்ச்சைப் பாருங்கள். சர்வீஸுக்கு வந்தவர் மேனுவலில் போட்டுவிட்டு அப்படியே கிளம்பியிருப்பார். என் அனுபவத்தில் பத்தில் ஏழு தடவை இதுதான். ஆட்டோவில் இருந்தும் ஓடவில்லை என்றால் பிரேக்கர், ஓவர்லோட் ரிலே, பிரஷர் ஸ்விட்ச்சுக்குப் போகும் சின்னக் குழாயின் வால்வு, இந்த வரிசையில் பாருங்கள். அந்தச் சின்ன வால்வு மூடியிருந்தால் லைனில் தண்ணீரே இல்லாவிட்டாலும் ஸ்விட்ச்சுக்குச் செய்தி போகாது.

டீசல் பம்ப் என்றால் பேட்டரி. டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, கிரீஸ் தடவுங்கள். வாரம் ஒருநாள் இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். தொட்டுத் தொட்டு ஸ்டார்ட் செய்து உடனே அணைப்பது பேட்டரியைத்தான் தின்னும். டீசல் டேங்கைக் குச்சி விட்டு அளந்து பாருங்கள், லெவல் கண்ணாடியை நம்ப வேண்டாம். தண்ணீர்த் தொட்டி பம்புக்குக் கீழே இருக்கும் இடங்களில் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் பம்ப் வெறுமனே சுற்றும், தண்ணீர் ஏறாது.

ஓட ஆரம்பித்த மெயின் பம்ப் தானாக நிற்கவில்லை என்று புகார் எழுத வேண்டாம். அது தானாக நிற்கக் கூடாது, ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும். அப்படித்தான் அமைப்பு.

கேஜில் 7 கிலோ, திறந்தால் தூறல்

நின்ற தண்ணீரில் கேஜ் நன்றாகவே காட்டும். ஓடும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. பம்பிலிருந்து ரொம்ப தூரத்தில் உள்ள, அல்லது மேல்மாடியில் உள்ள ஹைட்ரன்ட்டில் ஹோஸை மாட்டித் திறந்து பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு அந்தக் கடைசி வாயில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தம் கேட்கிறது. வரவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது, அல்லது பம்ப் தண்ணீர் உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியில் (சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர்) பாசியும் பஞ்சும் அடைத்திருக்கின்றன.

தண்ணீர் வந்தும் ஹோஸ் இணைப்பில் குடைபோலச் சீறினால் கப்ளிங் வாஷர் இல்லை. ஹோஸ் பெட்டியைத் திறக்கும்போது நாசில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கன்மெட்டல் நாசிலுக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. எங்கள் கம்பெனியில் ஒரே தீபாவளி லீவில் நாலு போனது. இப்போது ஒவ்வொன்றிலும் எண் வெட்டி, வாட்ச்மேன் ஷிப்ட் மாறும்போது எண்ணிக் கொடுக்கிறார்.

அலாரம் சும்மா சும்மா அடிக்கிறது

பனியன் கம்பெனியில் இதற்கு முதல் காரணம் பஞ்சுத் தூசி, இரண்டாவது அயர்னிங் டேபிளின் ஆவி, மூன்றாவது ஆயுத பூஜை. புகை டிடெக்டருக்குப் பஞ்சு எது, புகை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மென்மையான பிரஷ்ஷோடு வேக்யூம் போட்டு மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் தூசி உள்ளேதான் போகும். அயர்னிங் மாதிரி ஆவி நிற்காத இடத்தில் எத்தனை துடைத்தாலும் பயனில்லை, அங்கே வெப்ப டிடெக்டரே சரி.

ஆயுத பூஜையன்று சாம்பிராணி போட வேண்டும் என்று அலாரம் பேனலில் அந்தப் பகுதியை (ஜோன்) டிஸேபிள் செய்வார்கள். தப்பில்லை. மறுநாள் எனேபிள் செய்ய மறப்பதுதான் தப்பு. நான் செய்வது இதுதான்: டிஸேபிள் செய்யும்போதே பேனல் கதவில் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டிவிடுவேன். எனேபிள் செய்தால்தான் அது அவிழும்.

தொல்லை தாங்காமல் அலாரம் ஊதும் ஹூட்டரின் வயரையே கழற்றிவிடுகிற கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், அலாரம் அடித்தும் யாரும் எழுந்திருக்காத கம்பெனி. 2012 நவம்பர் 24 அன்று டாக்கா அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடை ஆலை எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலாரம் அடித்தபோது ‘ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள்’ என்று மேலாளர்கள் சொன்னதாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அங்கேயும் நம்மைப் போலவே தையல் வரிசைகள்தான்.

பேனல் ‘ஹெல்தி’ என்கிறது, புகை போட்டாலும் அடிக்கவில்லை

ஏணி போட்டு டிடெக்டரைப் பக்கத்தில் பாருங்கள். பெயின்டர் வேலைக்கு முன் மாட்டிய பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கும். மின்சார இணைப்பு சரியாக இருப்பதால் பேனலுக்குக் குறையே தெரியாது. எங்கள் இரண்டாம் மாடியில் மூடி போட்ட பதினோரு டிடெக்டர்கள் எட்டு மாதம் சும்மா இருந்தன.

ஃபால்ட் விளக்கு எரிந்தால் அந்த ஜோனில் யாராவது டிடெக்டரைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். கடைசி டிடெக்டரின் அடியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். புதுசு மாட்டியவர் அதைக் குப்பை என்று பிடுங்கிப் போட்டிருந்தால் ஜோன் முழுக்க ஃபால்ட் காட்டும். எர்த் ஃபால்ட் ஐப்பசி மழையில் மட்டும் வந்து போனால் பைப்புக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம்.

பேட்டரியைச் சோதிக்க, மெயின் சப்ளையை நிறுத்திவிட்டு ஹூட்டரை அடிக்கவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். ஹூட்டர் சுருதி இறங்கி முனகினால் புதுசு வாங்குங்கள், இரண்டையும் சேர்த்தே. அப்படியே நிட்டிங் மெஷின் ஓடும்போது நடுவில் போய் நின்று, ஹூட்டர் காதில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழாவிட்டால் மின்னும் விளக்கு வேண்டும்.

எமர்ஜென்சி லைட்டுக்கும் இதே கதை. டெஸ்ட் பட்டனை அமுக்கினால் எல்லாமே எரியும். சர்க்யூட்டை ஆஃப் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், எத்தனை மிச்சம் எரிகின்றன என்று எண்ணுங்கள்.

வெளியேறும் கதவு திறக்கவில்லை

பூட்டியிருக்கிறது என்றால், துணி திருடு போகிறது என்பார்கள். வெளியே கேமராவும் திறந்தால் அடிக்கும் பஸ்ஸரும் வையுங்கள், பூட்டை எடுங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது வழிக்கதவைப் பூட்டக் கூடாது என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். பூட்டில்லாமலும் திறக்கவில்லை என்றால் வெளியிலிருந்து போய்ப் பாருங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் அங்கே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். தரையில் மஞ்சள் கோடு போட்டால் பெட்டி கோட்டின் மேலேயே உட்காரும். கதவுக்கு வெளியே பெட்டி வைக்க முடியாதபடி குழாய்த் தடுப்பு அடித்த பிறகுதான் எங்களுக்கு விடிந்தது.

ரீஃபில் போய் வந்த சிலிண்டர், ஆனால் சந்தேகமாக இருக்கிறது

ரீஃபில்லுக்கு மொத்தத்தையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள், பாதி பாதியாக அனுப்புங்கள். தீயணைப்பு சிலிண்டர்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2190 படி பவுடர் சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒருமுறையும் கார்பன் டை ஆக்ஸைடுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறையும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்ய வேண்டும். தேதி ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் போதாது, உடம்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் நான் ஒன்று செய்வேன். வீட்டிலிருந்து பழைய நெயில் பாலிஷ் கொண்டுவந்து, வால்வு கழுத்திலிருந்து சிலிண்டர் உடம்புவரை, யார் கண்ணிலும் படாத பின்பக்கத்தில், மெல்லிசாக ஒரு கோடு. கழுத்தைத் திருகித் திறந்திருந்தால் கோடு விலகியிருக்கும். முதல் தடவை செய்தபோது 22 சிலிண்டர் போய், பளபளவென்று துடைத்து, புது ஸ்டிக்கரோடு வந்தன. பில்லில் 22 ரீஃபில் போட்டிருந்தது. ஒன்பதில் கோடு முடி அளவுகூட விலகவில்லை. அந்த ஒன்பதையும் வண்டியில் ஏற்றி, பில்லோடு திருப்பி அனுப்பினேன்.